பிழை இருந்தாச் சொல்லுங்க டீச்சர்

சாய்ந்தமருது கடற்கரைப் பக்கம்
வீடுவீடாய் மீட்டர் பார்க்கும் ஆதம்பாவா
பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில்
ஒரு நாவல் எழுதி முடித்திருந்தார்.
ஷொப்பிங் பேக்கில் சுற்றி சைக்கிள் கரியரில் கட்டிவந்து,
இருநூற்றுப் பதினேழு யூனிட் என்று சொன்ன அதே வாயால்
"பௌதிகம் படிப்பிக்கிற ஆள் நீங்க,
பிழை இருந்தாச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

நாவலின் பெயர் அண்ட சராசர மின்சார சபை.

அந்தப் பிரபஞ்சத்தில்
ஒவ்வொரு நட்சத்திரத்தின் முதுகிலும் ஒரு மீட்டர்.
கதாநாயகன் குத்தூஸ், தற்காலிக ஊழியன்,
பதினோராயிரம் வருஷமாய் நிரந்தர நியமனம் கேட்டுக்கொண்டே
பால்வீதியில் சைக்கிள் மிதிக்கிறான்.
சூரியன் வீட்டில் கடிநாய்.
வெள்ளி வீட்டில் எந்த நேரமும் ஆளில்லை.
சனி, வளையத்துக்குள் ஒளித்து
கள்ளக் கறண்ட் இழுக்கிறது.
மூன்று மாதம் கட்டாவிட்டால் சிவப்பு நோட்டீஸ்,
அதற்கும் மசியாவிட்டால் லைன் கட்.
கருந்துளை என்று நாங்கள் சொல்லுவது
லைன் வெட்டுப்பட்ட வீட்டைத்தான்.

வெட்டினால் இருட்டு சரி, ஏன் இழுக்கிறது?
என்று சிவப்புப் பேனாவால் ஓரத்தில் கேட்டேன்.
அடுத்த மாதம் மீட்டரைப் பார்த்தபடியே பதில் வந்தது:
"கறண்ட் இல்லாத வீட்டுக்காரன்
பக்கத்து வீட்டுல இருந்து வயர் இழுக்க மாட்டானா?"
பிழை என்று போட்ட கோட்டை
நானே வெட்டினேன்.

ஒளியின் வேகம் தப்பு,
அவர் கணக்கில் அது கல்முனை பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் கூட.
புவியீர்ப்புக்கு இரண்டு அத்தியாயம் மருத்துவ லீவு.
செவ்வாயில் தயிர்ச்சட்டி கவிழ்ந்தும் சிந்தவில்லை;
எருமைத் தயிர் என்றால் அது சரியாகவும் இருக்கலாம்.
அண்டத்தின் நட்ட நடுவில் தலைமைக் காரியாலயம்,
ஒரேயொரு கவுண்டர்,
அதில் எப்போதும் 'சாப்பாட்டு நேரம்' பலகை.
பிரபஞ்சம் விரிகிறது என்பது வேறொன்றுமில்லை,
கியூ நீளுகிறது.

தனியே இருந்து சிரித்ததில்
உயர்தரப் பிள்ளைகளின் விடைத்தாள்கள்
இரண்டு கிழமை திருத்தாமல் கிடந்தன.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில்
குத்தூஸ் ஒரு கோளில் இறங்குகிறான்.
கோளுக்குப் பெயரில்லை. நீளமாய் ஒரு கரை மட்டும்.
வீடுகள் இல்லை, அத்திவாரங்கள் இருக்கின்றன.
ஒரு குளியலறையின் நீலத் தரை.
மதிலில்லாமல் தனியே நிற்கும் ஒரு கேற்.
மீட்டர்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.
ஆர் எரிக்கிறார்கள் என்று அவன் தேடவில்லை.
பெயர் லிஸ்டை எடுக்கிறான்.
வாசல் இருந்த ஒவ்வோர் இடத்திலும்
ஸலாம் சொல்லி
யூனிட்டைச் சத்தமாய் வாசிக்கிறான்.
உள்ளிருந்து ஒருவர் 'சரி தம்பி' என்று சொல்லப் பிடிக்கிற நேரம்
நின்றுவிட்டு
அடுத்த வாசலுக்குக் கிறுகுகிறான்.
நூற்றுப் பதினாலு வாசல்.
எல்லாப் பெயரையும் எழுதியிருந்தார், வீட்டு இலக்கத்தோடு.
அந்த அத்தியாயத்தில் பகிடி இல்லை.

ஓரத்தில் என்ன எழுத வேண்டும் என்று தெரியும்.
சக்தி காப்பு விதி. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும்.
பேனாவை மூடி வைத்தேன்.

மறுகா வந்தவர் டோர்ச் அடித்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு
"பத்தொன்பதுல பிழை ஒண்டும் இல்லையா டீச்சர்?"

இல்லை என்றேன்.

"அது என்ட பழைய லிஸ்ட். வெட்டச் சொல்லி கந்தோரால கடிதம் வந்த.
நான் வெட்டல்ல."
பேனாவை நாக்கில் தொட்டு பில்லை எழுதினார்.
"முந்நூற்றி ரெண்டு" என்றார் சத்தமாக.
நான் சரி என்று சொல்லும்வரை
போகாமல் நின்றார்.
பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு,
"ராவைக்கு நிறைய நேரம் லைட் எரியுது போல."